அம்மா எடுத்த இருபத்துமூன்றாம் இலக்கம்

"ஆவணி 12, வியாழன். 6ஆம் இலக்கக் காணியையும் 23ஆம் இலக்கக் காணியையும் இரு வீட்டாரும் மனமொத்து மாற்றிக்கொண்டோம். பின்னால் பிள்ளைகள் ஒருவரும் இதைப்பற்றிக் கதை எடுக்கக்கூடாது."

அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றில் என் தகப்பனார், ஐயா, எழுதிய குறிப்பு இது. கீழே ஐயாவும் அயலவரான மரியநாயகம் மாமாவும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். நாள், மாதம், கிழமை எல்லாம் எழுதிய ஐயா வருடத்தை மட்டும் விட்டுவிட்டார். அதற்காக அவரை மனதுக்குள் பலமுறை கடிந்திருக்கிறேன். அந்த ஐப்பசியில்தான் நான் பிறந்தேன் என்பதால் வருடத்தை என்னால் சொல்ல முடியும். ஆனால் அது என் கணக்கு, தாளில் உள்ளதல்ல. ஆகவே இங்கே எழுதவில்லை.

அம்மாவின் நினைவாக இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அவரின் வாழ்க்கையை இந்தத் தாளிலிருந்து சொல்வதே சரி என்று நினைக்கிறேன். அவரின் கடைசி வருடங்களின் கவலையும் நிம்மதியும் இதிலேயே இருந்தன.

அம்மா பிறந்தது முள்ளியவளையில், ஐந்து பெண்களில் மூன்றாமவராக. ஐயாவுக்கு அங்கே சொந்தமாக நிலம் இருக்கவில்லை. அக்கராயன் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேற்றத்திட்டம் ஒன்று தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரும் மாட்டு வண்டியில் புறப்பட்டார்கள். இரண்டு மண்வெட்டி, ஒரு கோடரி, ஒரு மூட்டை அரிசி, அம்மாவின் தையற்பெட்டி ஆகியவையே வண்டியில் இருந்தவை. இது அம்மா சொன்ன பட்டியல். ஒவ்வொரு முறையும் மாறாமல் இதையே சொன்னதால் நம்புகிறேன்.

இன்று எங்கள் ஊர்ச்சந்தியில் வங்கி இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது, பஸ் தரிப்பிடம் இருக்கிறது. அன்று இருந்தது எல்லோருக்குமான ஒரு பெரிய கொட்டில் மட்டும். அதற்குள் இருபத்துமூன்று குடும்பங்கள். காணிகளுக்குச் சீட்டெடுக்கும் நாளில் ஐயா மலேரியாக் காய்ச்சலில் சாக்கால் போர்த்தியபடி படுத்திருந்தார். உத்தியோகத்தர் சீட்டுகளைத் தன் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கிக்கொண்டு வந்தார். ஐயாவின் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா எழுந்து வந்தார்.

"ஆம்பிளை இல்லையெண்டால் கடைசிக்கு விடுவம்" என்றாராம் உத்தியோகத்தர்.

"காய்ச்சல் அவருக்குத்தான் ஐயா. என்ர கை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, ஏழு மாதக் கர்ப்பிணியான அம்மா தொப்பிக்குள் கையை விட்டார். கொட்டிலில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். வந்தது 23. கடைசிக் காணி. வாய்க்காலுக்கு எட்டாத் தூரம், ஒரு பக்கம் முழுக்கக் காடு. சிரிப்பு இன்னும் கூடியது.

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த மரியநாயகம் மாமாவுக்கு 6 கிடைத்தது. வாய்க்காலை ஒட்டிய அருமையான நிலம். அவரின் மனைவி சிசிலியா மாமி அன்று பின்னேரமே அம்மாவிடம் வந்து, "தங்கச்சி, நீர் வயித்தில பிள்ளையோட தண்ணிக்கு இவ்வளவு தூரம் நடக்கேலாது. எங்கட காணிக்கு வாரும், நாங்கள் உங்கடைக்குப் போறம்" என்றார். இது அம்மா எங்களுக்குச் சொன்ன விதம். காய்ச்சல் விட்டு எழும்பிய ஐயா, பெண்கள் இருவரும் பேசி முடித்ததைத் தாளில் எழுதினார். இரண்டு பிரதி எழுதியதாக அம்மா சொன்னார். எங்கள் பிரதி யுத்தகால இடப்பெயர்வில் போய்விட்டது.

ஆனால் காணி அனுமதிப்பத்திரங்கள் தொப்பியில் எடுத்த இலக்கப்படியே வந்தன. அவற்றை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வேலி எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், பிறகு கடதாசி எதற்கு என்று இருந்துவிட்டார்கள். காலப்போக்கில் 23ஆம் இலக்கத்து ஓரமாகக் கடற்கரைக்குப் போன வண்டிப்பாதை தார் வீதியாயிற்று. சந்தி அங்கேதான் உருவானது. கடைசிக் காணி ஊரின் நடுக் காணியாயிற்று.

ஐயா காலமான பின்னர் எங்களை வளர்த்தது அம்மாவின் வெங்காயத் தோட்டமும் தையல் மெசினும். இடப்பெயர்வுகளைப் பற்றி இங்கே நீட்டி எழுதவில்லை. இந்த மலரை வாசிக்கும் பலருக்கு அது சொந்த அனுபவம். எல்லாம் இழந்து திரும்பியபோது அம்மாவின் பையில் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் அந்த அனுமதிப்பத்திரமும் மட்டும் இருந்தன. தகரக் கொட்டிலில் இரண்டு மாரி கழிந்தது. வீட்டுத்திட்டத்துக்குப் பதிய வந்தவர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கட காணி இது இல்லை, சந்தியில கிடக்கு. அங்க போய்க் கட்டுங்கோ" என்றார்.

"அது எங்கட காணி இல்லைத் தம்பி."

"கடதாசி உங்கட பேரிலதானே கிடக்கு?"

"கடதாசிதான் பிழை" என்றார் அம்மா. அதனால் வீடு கிடைக்கவில்லை. பிற்பாடு என் தம்பி இலண்டனிலிருந்து அனுப்பிய உதவியில் இரண்டு அறை கட்டினோம்.

சந்திக் காணியில் அப்போது சிசிலியா மாமியின் கடைசி மகள் ரெஜினா குடும்பத்தோடு வந்திருந்தார். மாமாவும் மாமியும் உயிரோடில்லை. ரெஜினா எங்களைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை. சந்தையில் அம்மா ஒரு பக்கம் வந்தால் அவர் மறுபக்கம் போவார். "சிசிலியாக்காவின்ர பிள்ளை என்னைக் கண்டு ஒளிக்குது" என்று அம்மா வருந்தினார். இப்படியே பல வருடங்கள் போயின.

அண்மையில் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு நிரந்தரக் காணி உறுதிப் பத்திரம் வழங்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பிழை இனி நிரந்தரமாகிவிடும் என்பது அம்மாவுக்கு உடனே விளங்கியது. தம்பிக்கும் வேறு விதத்தில் விளங்கியது. தொலைபேசியில், "அம்மா, சட்டப்படி சந்திக் காணி எங்கடைதானே?" என்று கேட்டான்.

"நீ அதில ஒரு நாளாவது மண்வெட்டி பிடிச்சனியே?" என்றார் அம்மா.

தம்பியின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அதே கேள்வி என் மனதிலும் இருந்தது. நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாசி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, "என்னை ரெஜினா வீட்டை கூட்டிக்கொண்டு போ" என்றார் அம்மா. முச்சக்கர வண்டியில் போனோம். அம்மா கதிரையில் அமரவில்லை. பையிலிருந்த பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தா பிள்ளை, உன்ர காணியின்ர கடதாசி. இவ்வளவு காலமும் என்னட்டைக் கிடந்திட்டுது."

ரெஜினா பத்திரத்தைக் கையில் எடுத்தார். "மாமி, கேற்றில உங்களைக் கண்டதும் எனக்கு நெஞ்சு பக்கெண்டிட்டுது. காணியைக் கேட்டு வாறியள் எண்டு நினைச்சிட்டன்."

"அதுக்கே சந்தையில என்னைக் கண்டால் மரக்கறிக்கடைக்குள்ள பூந்தனி? எத்தினை தரம் வேண்டாத கத்தரிக்காய் வாங்கியிருப்பாய்!"

ரெஜினா சிரித்தார், பிறகு அழுதார். உள்ளே போய் அலுமாரியிலிருந்து சிசிலியா மாமியின் செபப்புத்தகத்தை எடுத்து வந்தார். அதன் உறைக்குள் ஐயாவின் தாள், மற்றப் பிரதி, நான்காக மடித்தபடி இருந்தது. "ஒளிச்சு வைச்சனான் மாமி. இதைக் கண்டால் 23 உங்கட பேரில கிடக்கு எண்டு உங்கட பெடியளுக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயம்."

அம்மாவிடம் கண்ணாடி இருக்கவில்லை. நான் வாசித்தேன். "பிள்ளைகள் ஒருவரும்" என்ற இடத்தில் அம்மா என்னைப் பார்த்தார். "நில். அவனுக்கு போன் எடு. அவனும் கேக்கட்டும்." இலண்டனில் இன்னும் விடிந்திருக்காது. நித்திரைக் குரலில் எடுத்த தம்பிக்கு முழுவதையும் திரும்ப வாசித்தேன். பிறகு, "சரி அம்மா. நான் எங்க ஒப்பம் வைக்கவேணும் எண்டு சொல்லுங்கோ" என்றான்.

காணி அலுவலர்கள் ஊருக்கே வந்து நடத்திய நடமாடும் சேவையில் இரு வீட்டாரும் சேர்ந்து விண்ணப்பித்தோம். அங்கிருந்த அலுவலர் நல்லவர். "அம்மா, நீங்கள் விட்டுக்குடுக்கிறது சந்திக் காணி. விளங்கித்தான் ஒப்பம் வைக்கிறியளோ?" என்று இரண்டு முறை கேட்டார்.

"விட்டுக்குடுக்கேல்லைத் தம்பி. அது ஒருநாளும் என்னட்டை இருந்ததில்லை."

ஆனி மாதத்தில் திருத்திய பத்திரம் கையில் கிடைத்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "இனிச் செத்தாலும் என்ர முத்தத்திலதான் பந்தல். 'பிரேதம் 23ஆம் இலக்கத்துக்கெல்லோ போகவேணும்' எண்டு ஆரும் வந்து நிக்கேலாது." அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிட்டார், நன்றாக நித்திரை கொண்டார். ஐப்பசியில், காலைத் தேநீர் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்த பிறகு, அமைதியாகக் காலமானார். சொன்னபடியே பந்தல் 6ஆம் இலக்கத்து முற்றத்தில்தான் போட்டோம். எங்கள் துயரத்துக்குள் ஓர் ஆறுதலும் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

பந்தல் போட்ட அயலவர்களுக்கும், எட்டு நாளும் எங்கள் குசினியில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்து தந்த ரெஜினா வீட்டாருக்கும், அம்மாவுக்கு மருந்து தந்த தாதியருக்கும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரித்தாகுக.

ஒரு விடயம் மீதமிருக்கிறது. காணியை மாற்றும்படி முதலில் கேட்டவர் சிசிலியா மாமி என்று அம்மா சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். ரெஜினா வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். கடற்கரைச் சொந்தங்கள் வந்துபோகும் வண்டிப்பாதை ஓரம் இருக்க மாமி ஆசைப்பட்டதைக் கண்டு, "அக்கா, நீங்கள் எங்கடையை எடுங்கோ" என்று சொன்னது அம்மாதான் என்று மாமி சாகும்வரை சொன்னாராம். அம்மாவிடம் இதைக் கேட்டபோது, "சிசிலியாக்கா பொய் சொல்லமாட்டா. மறந்திருப்பா" என்றார். சீட்டெடுத்தவர்களில் ஒருவர் பூவரசங்குளத்தில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. இன்னும் அவரைச் சந்திக்க முடியவில்லை. ஐயாவின் தாளில் "மனமொத்து" என்று மட்டுமே இருக்கிறது. முதலில் கொடுத்தவர் யார் என்பது இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.