நான் அழித்த ஒற்றையடிப் பாதை

கனடாவின் மொன்றியலில் ஒரு பழைய கன்னியர் மடத்து வளவு, தாவர ஆராய்ச்சி நிலையமும் தோட்டமுமாக மாறப்போகிறது என்று வேலை எங்களிடம் வந்தபோது, கட்டடக்கலை அலுவலகத்தில் ஒருவருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல் மதிலிலும் தேவாலயத்திலும் கைவைக்கக் கூடாது. மற்றதெல்லாம் இயற்கையைப் பார்த்துச் செய்ய வேண்டும். கூரை மேப்பிள் இலை மாதிரி, நடைபாதைகள் அந்த இலையின் நரம்புகள் மாதிரி. வரைபடம் கீறியவன் நான். பெருமைக்குக் குறைவில்லை.

நில அளவையாளர் தந்த படத்தில் வளவின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு ஓடியது. மதில் இடிந்த இடத்தால் புகுந்து, ஆஸ்பத்திரிப் பக்கம் வெளியேறும் ஒற்றையடிப் பாதை அது. ஆராய்ச்சிப் பாத்திகள் வரவேண்டியதும் அங்கேதான். கூட்டத்தில் தலைமைக் கட்டடக்கலைஞர் பிரெஞ்சில் கேட்டார்: “இதால் யாராவது நடக்கிறார்களா? நடந்தால் பாத்திகளைச் சற்றுத் தள்ளி அமைக்கலாம்.”

என் அக்கா நடக்கிறார். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் அவரும் கூட வேலை செய்யும் பெண்களும் வருடக்கணக்காக மிதித்து உண்டாக்கிய பாதை. ஊரிலிருந்து என்னை இங்கே எடுத்துப் படிப்பித்ததும் அந்தச் சம்பளம்தான். வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் அக்கா கக்கூஸ் கழுவுகிறவர் என்று அந்த மேசையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு சாட்டோ காரணமோ இல்லை.

“ஒருவரும் இல்லை” என்றேன். அன்று பின்னேரமே படத்திலிருந்து அந்தப் புள்ளிக்கோட்டை அழித்தேன்.

மதில் இடிந்த இடத்தைக் கட்டி அடைத்துவிட்டார்கள். அக்கா இப்போது பெரிய தெருவால் சுற்றி, ஏற்றம் ஏறிப் போகிறார். பனிக்காலத்தில் இரண்டு தரம் விழுந்துவிட்டார். வார இறுதிகளில் இலை நரம்பு நடைபாதைகளில் நின்று ஆட்கள் படம் எடுக்கிறார்கள். கால்கள் தாமாகப் போட்ட ஒரே பாதையை அழித்துவிட்டு, இயற்கையைப் பார்த்துக் கீறினோமாம்!

போன மாதம் அக்கா முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். எப்படியும் சொல்லிவிடுவதென்று பக்கத்தில் போய் இருந்தேன்.

“அக்கா, அந்தப் பாதை...”

“அதை விடு. அடைச்சுப்போட்டாங்கள், இனி என்ன செய்யிறது?” என்றார். “நீ அந்த வேலையில இருந்தனி. எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பாய், என்ன?”

“ஓம் அக்கா, சொல்லிப் பாத்தனான்” என்றேன்.