கோணல் தூம்பு

எங்கள் கொல்லைச் சுவரின் அடியில் ஒரு கல் தூம்பு இருக்கிறது. மழைத்தண்ணீர் பின்வீட்டுக்குப் போகிற வழி. நேராக இல்லாமல் நடுவில் முழங்கை போல மடங்கியிருக்கும். பார்க்கிறவர்கள், "இன்னாம்மா இது, கொத்தனாரு தூங்கிக்கினே கட்டினானா?" என்று கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அது பின்வீட்டு பீபியம்மா சொல்லிக் கட்டிய தூம்பு. அவள் இல்லையென்றால் நானும் இல்லை, என் மகனும் இல்லை.

அவள் ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவரின் விதவை. கோஷாப் பெண். எங்களைப் போன்ற பெண்களோடு சுவரோரம் நின்று வாய் ஓயாமல் பேசுவாள். ஆண் குரல் கேட்டால் சட்டென்று மறைந்துவிடுவாள். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்த என் மாமனார், அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அவள் முகத்தைப் பார்த்ததே கிடையாது. எங்கள் கொல்லைத் தண்ணீர் அவர்கள் கொல்லை வழியாகப் போய்த்தான் பாலாற்றுக்கான வாய்க்காலில் விழும். வேறு வழி கிடையாது. மற்றப் பக்கமெல்லாம் மேடு.

அவள் மகனுக்குக் கல்யாணமானது. புதுப்பெண் நடமாடுகிற கொல்லை என்று சுவரை உயர்த்தினான். அதோடு விட்டானா? சுவரடியில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக யாராவது பார்ப்பார்கள் என்று, ஷாப்பில் தோலோடு ஊறிக் கழிந்த ஆவாரம்பட்டையைக் களிமண்ணோடு மிதித்து அடைத்துவிட்டான். எங்கள் ஊரில் எந்தப் பள்ளத்தையும் அப்படித்தான் மூடுவோம். நனைய நனைய அது உப்பி இறுகும்.

ஐப்பசி மழை பிடித்தபோது நான் பிள்ளை பெற்றுக் கொல்லைப்புற அறையில் படுத்திருந்தேன். தீட்டுக் கழியவில்லை. வீட்டுக்காரர் பட்டை வாங்க ஆலங்காயம் போயிருந்தார். விடிந்து பார்த்தால் கொல்லை குளமாகக் கிடந்தது. மாமனார் ஓடிப்போய்ப் பின்வீட்டு வாசலில் கெஞ்சினார். மகன், "தண்ணிய வேற பக்கம் திருப்பிக்கோங்க, இது எங்க வூட்டுப் பொம்பளைங்க மானம்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். பாவி! மாமனார் திரும்பிவந்து குடத்தால் இறைத்தார். வானம் கொட்டுகிறது, குடம் எம்மாத்திரம்? என் அறையின் மண்சுவர் அடியில் கரைந்து, கட்டி கட்டியாகக் கட்டிலுக்கருகே விழுந்தது.

"மாமா, செவுரு கரையுது!" என்று அலறினேன். எழுந்திருக்கத் தெம்பில்லை. தீட்டு அறைக்குள் மாமனார் கால் வைக்கத் தயங்கி அறை வாசலில் தவித்தார்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாறைச் சத்தம் கேட்டது. "அம்மா, இன்னா பண்றே? உள்ள போ!" என்று மகன் கத்தினான்.

"சும்மா இருடா! என் மறைப்புக்காவ ஒரு பச்சப்புள்ள சாவணுமா?"

உப்பிய அடைப்பு பிய்ந்தது. அதோடு புதுச்சுவரும் மடமடவென்று சரிந்தது. தண்ணீர் பாய்ந்து ஓடிய அந்த இடைவெளியில், முக்காடு நனைந்து பீபியம்மா நின்றாள். மாமனார் சட்டென்று முதுகைத் திருப்பித் துண்டைத் தலையோடு மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, நான் பாக்கல!"

"பாத்தா பாத்துட்டுப் போங்கண்ணே. இப்ப அதுவா பேஜாரு?"

நேராக என் அறைக்குள் வந்தாள். தீட்டாவது ஒன்றாவது! பிள்ளையை ஒரு கையில் அள்ளி, என்னை மறுகையில் தாங்கி வெளியே கொண்டுவந்தாள். நாங்கள் கூடம் சேர்ந்ததும் அறைச் சுவர் கட்டில்மேல் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு இடைவெளி வழியாக ஓடிவந்தான் அவள் மகன்.

மழை விட்டதும் அவனே கொத்தனாரைக் கூட்டிவந்து கொல்லைச் சுவரைக் கட்டினான். தூம்பை மடக்கி வைக்கச் சொன்னவள் பீபியம்மா. "மடங்கின எடத்துல கண்ணு முட்டிக்கட்டும், தண்ணி போவட்டும்" என்றாளாம். அப்படி ஒரு தைரியமும் அப்படி ஒரு நிதானமும் சேர்ந்த மனுஷியை நான் பிறகு பார்க்கவில்லை.

அதன்பின் மழை பிடித்தால் மாமனார் தூம்பருகே குனிந்து, "தங்கச்சி, தண்ணி வருதா?" என்பார். ஆண்களோடு பேசாத அந்தக் குரல், "வருதுண்ணே" என்று பதில் சொல்லும். கடைசிவரை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. நேற்று நல்ல மழை. தூம்பருகே யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டுக் கொல்லைக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அன்று ஓட்டையை அடைத்தவனின் கிழட்டுக் குரல்.

"தம்பி, உங்க பக்கம் தண்ணி நிக்குதா?"

அன்று அவன் தாய் அள்ளி எடுத்த என் பிள்ளை, தூம்பருகே குனிந்து பதில் சொன்னான்.

"இல்ல மாமு. போவுது."