ரயிலடி டுடோரியல்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிச் சில வருஷங்கள் கழித்து வந்த அந்தக் கோடையில் நான் எங்கேயும் சேர்ந்தாற்போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தது கிடையாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "ஏன்டா இப்படி ஆட்டுறே, இலையெல்லாம் ஆடுது பாரு" என்று அம்மா முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள். காலை நிறுத்தினால் விரல்கள் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

கும்பகோணத்தில் இன்டர்மீடியட் எழுதி, இங்கிலீஷில் கோட் அடித்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பியிருந்தேன். மற்றதெல்லாம் தேறியாகிவிட்டது, கணக்கில் நல்ல மார்க். நான் சின்ன வயதிலிருந்து படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். அங்கே இங்கிலீஷ் என்பது ஊறுகாய் மாதிரி, இருந்தால் தொட்டுக்கொள்ளலாம். கொடி மாறியதும் ஊறுகாயையே சோறாகப் பிசைந்து சாப்பிடச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா பிரெஞ்சு சர்க்காரில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். சைகோனில் இருந்துவிட்டு அப்போது அல்ஜீரியாவுக்குப் போயிருந்தான். அப்பா அதிகம் பேச மாட்டார். பேசினால் அது முடிவாகத்தான் இருக்கும்.

"செப்டம்பர்ல இன்னொரு தரம் எழுது. தேறுனா மேல படி. இல்லன்னா பாண்டிச்சேரிக்குப் போயி பட்டாளத்துல கையெழுத்து போட்டுட்டு வந்துடு. அண்ணன் இருக்கான், பார்த்துப்பான்."

அண்ணன் கடைசியாக அனுப்பிய போட்டோவை நான் பார்த்திருந்தேன். தொப்பிக்குக் கீழே இருந்த முகம் அவனுடையதாகவே இல்லை. எனக்குப் பட்டாளம் வேண்டாம். பயமாக இருந்தது, அவ்வளவுதான். அதை அப்பாவிடம் சொல்லும் தைரியமும் இல்லை.

கும்பகோணத்தில் தவறியவர்களுக்காக டுடோரியல்கள் இருந்தன. மறுபடியும் வெளியூரில் தங்க அனுப்ப அப்பா ஒப்பவில்லை. அப்போதுதான் கல்லூரி விடுதியில் என் பக்கத்து அறையில் இருந்தவன் ஞாபகத்துக்கு வந்தான். அவனும் காரைக்கால்தான், வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். நாகப்பட்டினத்தில் மாமா வீட்டில் தங்கி இங்கிலீஷில் படித்தவன். இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கில் கோட் அடித்திருந்தான். அவனுடைய வாப்பாவும் செப்டம்பர்வரைதான் கெடு கொடுத்திருந்தார். தவறினால் பினாங்கில் அவர்கள் கடைக்குப் போய்விட வேண்டும்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்பா. தேறுனா காலேஜு, தேறலன்னா கடை. நீதான் பாவம்" என்றான்.

நீ எனக்கு இங்கிலீஷ், நான் உனக்குக் கணக்கு என்று பேசிக்கொண்டோம். அவன் வீட்டில் எந்நேரமும் விருந்தாளிகள், எங்கள் வீட்டில் அப்பாவின் முகம். எனவே ரயிலடிக்குப் போனோம். காலை வண்டி போய்விட்டால் சாயங்கால வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் நாய்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் முதல் நாள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஊரை விட்டு ஓடிப்போற யோசனை இல்லையே தம்பிங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மார்ச் இங்கிலீஷ் பரீட்சையில் என்ன எழுதினாய் என்று நண்பன் கேட்டான். கிராம வாழ்க்கையே மேலானது என்பதை விளக்கி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். எங்கள் பள்ளியில் பழக்கியபடி முதல் பாதியில் ஆமாம் என்று எழுதினேன். அடுத்த பாதியில் கொசு, சேறு, டாக்டர் இல்லாத கொடுமை எல்லாவற்றையும் அடுக்கி, இல்லை என்று எழுதினேன். கடைசியில் இரண்டையும் சீர்தூக்கி, என் சொந்த அபிப்பிராயத்தோடு முடித்தேன். அப்படி எழுதினால்தான் பிரெஞ்சு வாத்தியார்கள் மதிப்பார்கள்.

அவன் பெஞ்சில் சாய்ந்து சிரித்தான். "மேலானதுன்னு கேள்வியிலயே சொல்லிட்டான்ல? அப்புறம் நீ என்னத்துக்கு அவனோட வழக்குக்குப் போறே? அவன் சொன்னத நீயும் சொல்லு, இன்னும் கொஞ்சம் அழகாச் சொல்லு, மார்க்க வாங்கிக்கிட்டு வந்துரு."

"அது படிப்பா?"

"அது பரீட்சை."

அவன் சொல்லிக்கொடுத்த முறை ஓதப்பள்ளி முறை. சின்னப்பிள்ளையில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட அதே வழி. நேற்றைய பாகத்தை ஒப்பித்தால்தான் இன்றைய பாகம். நடுவில் ஒரு சொல் தடுக்கினால் அங்கிருந்து தொடரக் கூடாது, தலையிலிருந்து திரும்பவும் ஆரம்பிக்க வேண்டும். உட்கார்ந்து, முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டே சொல்ல வேண்டும். எனக்கு முதலில் கோபம் கோபமாக வந்தது. பார்த்து எழுதுவதும் மனப்பாடமாக எழுதுவதும் திருட்டு என்று படித்து வந்தவன் நான். ஒரு நாள் புத்தகத்தைத் தண்டவாளத்தில் வீசிவிட்டு நடந்தேன். அவன் இறங்கி எடுத்து, மண்ணைத் தட்டி, அதே பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தண்டவாளம் முடிகிற இடம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். "தலையிலேருந்து" என்றான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆட்டம் எனக்குப் பொருந்தியது. எப்படியும் ஆடிக்கொண்டிருக்கும் உடம்பு, அதற்கு ஒரு வேலை கிடைத்தது போலிருந்தது. ஆடி மாதத்துக்குள் கட்டுரைகள் தானாக வாயில் வந்தன.

கணக்கில் அவன் பாடு வேறு. கணக்கையும் ஓதப்பள்ளி முறையிலேயே படித்து வைத்திருந்தான். திரிகோணமிதியில் படம் போட்டு எழுத வேண்டிய ஒரு நிரூபணம் உண்டு. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மூச்சு விடாமல் ஒப்பித்தான். புத்தகத்தில் இருந்த பி, கியூ, ஆர் என்ற எழுத்துகளை அழித்துவிட்டு நான் வேறு எழுத்துகளைப் போட்டேன். திகைத்துப் போய் உட்கார்ந்துவிட்டான்.

எனக்குத் தெரிந்தது எங்கள் பள்ளியின் முறை ஒன்றுதான். பையனைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். இந்தக் கோடு ஏன்? இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமம் என்கிறாயே, ஏன்?

"புக்குல போட்டிருக்கு."

"புக்குல ஏன் போட்டிருக்கு?"

"உன்னோட பெரிய ரோதனையாப் போச்சுப்பா" என்பான். நான் பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டு விடாமல் கேட்பேன். பல நாள் இப்படியே போயிற்று. பிறகு ஒரு மத்தியானம், சின்ன முக்கோணம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "இது அந்தப் பெரிய முக்கோணம்தான், சாஞ்சு கெடக்கு, அவ்வளவுதானே?" என்றான். ஆமாம் என்றேன். "பி.ஏ. கணக்கு முழுக்க இப்புடித்தான் இருக்குமா?" என்று கேட்டான். இன்னும் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவன் பினாங்குக் கடையைப் பற்றிப் பேசவே இல்லை.

செப்டம்பரில் இருவரும் கும்பகோணம் போனோம். இங்கிலீஷ் பரீட்சையில் நான் மனப்பாடம் செய்திருந்த கட்டுரையே வந்தது. பாதி எழுதும்போது மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்க வந்து நின்றார். போட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்தால் அடுத்த வரி இல்லை. எங்கே தேடியும் இல்லை. அண்ணனின் போட்டோ கண்ணுக்கு முன்னால் வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி, தலையிலிருந்து முணுமுணுத்தேன். மேற்பார்வையாளர் திரும்பி வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று தலையசைத்தேனே தவிர முணுமுணுப்பை விடவில்லை. காணாமல் போன வரி அதன் இடத்தில் வந்து நின்றது. மிச்சத்தை எழுதி முடித்தேன்.

கணக்குப் பரீட்சை எப்படி என்று அவனைக் கேட்டதற்கு, "ஏதோ எழுதியிருக்கேன்" என்றான். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, விரலால் மரப்பலகையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டே வந்தான்.

ரிசல்ட் வந்த பேப்பர் காலை வண்டியில் வந்தது. கட்டைப் பிரித்து வாங்கியது நாங்கள்தான். என் நம்பர் இருந்தது. அவனுடையதைத் தேடினேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் நம்பர்கள் இருந்தன.

"உன்னது இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வண்டியில் வந்தவர்கள் போன பிறகு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அந்த நிரூபணம்தான் முதல் கேள்வியே. ஒரு மூச்சுல எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம். நடுவுல ஒரு கோடு வருதுல்ல, அத ஏன் அங்க போடுறோம்னு நீ சொன்னது நெனவுல வரல. விட்டுட்டுப் போக மனசு வரலப்பா. யோசிச்சேன். பிடிபட்டப்ப மணி அடிச்சிட்டான்."

ஓதப்பள்ளி முறையிலேயே அவன் எழுதியிருந்தால் தேறியிருப்பான். இதை நான் சொல்லாமலே அவனுக்குத் தெரியும். அவனுக்கு என்மேல் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து, பிளாட்பாரத் தரையில் படம் போட ஆரம்பித்தான். எழுத்துகளுக்கு அ, ஆ, இ என்று போட்டான். ஒவ்வொரு கோட்டையும் ஏன் போடுகிறான் என்று, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு போனான். நான் சொல்லித்தந்த வழிகூட இல்லை, அதைவிட நேரான வழி. முடித்துவிட்டு நிமிர்ந்தான். முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது.

"சரியா?"

"சரி" என்றேன். வாய்விட்டு அழுதுவிடுவேன் போலிருந்தது. நாகப்பட்டினத்தில் அவனுக்குப் பினாங்குக் கப்பல் பேசிவைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவன் தரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத இப்ப யார்கிட்டப்பா எழுதிக் காட்டுறது?" என்று கேட்டான்.