'டிஃப் நல்லாத்தான் கீது' என்றான் பாஸ்கரன்

செய்தி வந்தபோது நான் பாஸ்கரனோடு, அவன் பந்தயக் காரைப் பற்றி, சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபடி, வாட்ஸ்அப்பில். "டிஃப் நல்லாத்தான் கீது அண்ணாச்சி. ஆயில மாத்துனேன், சத்தம் போச்சு. சும்மா இரு" என்று காலையில் அனுப்பியிருந்தான். நான் சும்மா இருக்கிற ஆளா? நீளமாக ஒரு மறுப்பு அனுப்பினேன். பதில் இல்லை. பாஸ்கரனாவது, பதில் சொல்லாமல் இருப்பதாவது! இன்னும் காரமாக ஒன்று அனுப்பினேன். அப்போதுதான் அவன் மைத்துனர் கூப்பிட்டார். ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தானாம். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தளத்தில் அவனோடு பழகிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். 'அவர்' என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. அவன் மனைவி கஸ்தூரியிடமே கேட்டேன். "இத்தினி வருஷம் குடுக்காத மரியாதை இப்ப இன்னாத்துக்குண்ணா?" என்றாள். ஆகவே அவன்.

முதல் சந்திப்பே வம்பில்தான் தொடங்கியது. நான் கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த புதிது. பென்னலூரில் ஒரு டீக்கடை முன்னால் பைக்கை நிறுத்தினேன். யாரோ ஒருத்தன், திரும்பிக்கூடப் பார்க்காமல், டீயை ஆற்றிக்கொண்டே, "முன்சக்கரத்துல பேரிங் போச்சுப்பா" என்றான். எனக்கு ஏறிவிட்டது. "யாருவே நீரு? நான் கேட்டனா?" என்றேன். "ஓ, அண்ணாச்சியா!" என்று சிரித்தான். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். பேரிங் போயிருந்தது என்னவோ உண்மை. அவனுக்குத் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின்களைப் பராமரிக்கிற வேலை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். எனக்கு கியர் செய்கிற கம்பெனியில் அளந்து பார்க்கிற வேலை. அவன் கேட்பான், நான் அளப்பேன். பதினைந்து வருடமும் எங்களுக்குள் இதே தகராறுதான். "வண்டி சொல்லுச்சா, நீயா சொல்றியா?" என்பான் அவன். "வண்டி உனக்கு மட்டும் எந்தப் பாஷையில சொல்லுச்சு?" என்பேன் நான்.

அந்த வண்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஜப்பானில் செய்த பழைய இரண்டு கதவு வண்டி, இன்ஜின் பின்சக்கரங்களைச் சுற்றுகிற வகை. ஓடாமல் கிடந்ததை வாங்கி அவனும் கஸ்தூரியும் சேர்ந்து உயிர் கொடுத்தார்கள். அவனைவிட அவள் வேகமாக ஓட்டுவாள். அதை அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிவான். ஒருமுறை அவள் இவனுடைய நேரத்தை முறியடித்தபோது, தோற்றவன் இவன். லட்டு வாங்கி எல்லார் வாயிலும் திணித்தவனும் இவன்தான். என் சட்டையில் அந்த நெய்க்கறை போகவே இல்லை.

எங்கள் கடைசிச் சண்டை என்னவென்று சொல்லாவிட்டால் இது விளங்காது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் பிடி இழந்தால் இன்ஜின் பலமெல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிடும். பந்தய வண்டியின் டிஃபில் தட்டுத் தட்டாக கிளட்ச் இருக்கும். அது ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகச் சுற்ற விடாமல் இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். இவன் வண்டி, மெதுவாக ஒடித்துத் திருப்பினால் பின்னால் 'டர்ர் டர்ர்' என்று நடுங்கியது. ஆயிலில் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்காவிட்டாலும் அப்படித்தான் நடுங்கும். சேர்த்தான். சத்தம் நின்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி!

ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரகடம் பக்கம் மனை போட்டு விற்காமல் கிடக்கிற இடத்தில், தார் ரோடு மட்டும் நன்றாக இருக்கும், அங்கே அவனை ஓட்டச் சொன்னேன். வளைவிலிருந்து அழுத்தி வெளியே வந்தான். இறங்கிப் பார்த்தால் தாரில் டயர் எரிந்த கோடு ஒன்றுதான் இருந்தது, அதுவும் உள்பக்கம். டிஃப் பிடித்திருந்தால் இரண்டு கோடு விழ வேண்டும். "டயர் மொட்டைப்பா" என்றான். டயர்களை இடம் மாற்றிப் போட்டோம். மறுபடி உள்பக்கம் ஒற்றைக் கோடு. "தட்டு தேஞ்சு போச்சுவே. பிடிக்கதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் சத்தமும் இல்ல" என்றேன். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். "தொங்க வுட்டுப் பாத்தா எந்த வண்டியும் பொய்தான் சொல்லும், ஓட்டித்தான் பாக்கணும்" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். பிடிவாதக்காரப் பயல்.

காரியம் முடிந்து பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை. கஸ்தூரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "வர்ற ஞாயித்துக்கெயம போட்டிக்கு அவரு பேரு குடுத்துக்கிறாருண்ணா. அவரு பேருல நான் ஓட்றேன். வண்டி நல்லாத்தான் கீதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றாள். காதில் விழுந்த உறவுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கோ வேறு பயம். தேய்ந்த டிஃப் ஒரு வளைவில் வழுக்கும்; அடுத்த வளைவில் திடீரென்று பிடித்து வண்டியைச் சுழற்றி விட்டுவிடும். இவளோ வேகத்தைக் குறைக்கத் தெரியாதவள். வேண்டாம் என்று சொன்னால், புருஷன் கடைசியாகச் சொன்னதைப் பொய் என்று சொன்னதாகும். சொல்லாமல் இருந்தால்? இரண்டு நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து என் மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வண்டி நிற்கிற பென்னலூர் ஷெட்டுக்குப் போனேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் தரையிலிருந்து தூக்கினேன். மற்றது தரையில். டிஃப் நன்றாக இருந்தால் தூக்கிய சக்கரத்தை வெறுங்கையால் அசைக்க முடியாது, நீளமான கம்பி போட்டுத்தான் திருப்ப வேண்டும். திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்று அளக்கிற ஸ்பேனரோடு குனிந்தேன். "இருண்ணா, நான் பாக்கறேன்" என்று கஸ்தூரி டயரில் கை வைத்தாள்.

சுற்றியது. மிதிக்காத சைக்கிள் சக்கரம் மாதிரி, லேசாகச் சுற்றியது.

அவள் கையை எடுக்கவில்லை. மறுபடி சுற்றினாள். மறுபடியும்.

"அப்ப அவரு சொன்னது தப்பாண்ணா?"

"தப்புதாம்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனிடம் சொல்லி, அவன் கத்தி, நான் கத்தி, டீக்கடைக்காரர் வந்து விலக்கிவிட வேண்டிய விஷயம் அது. அவள் அழவில்லை. டயரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு வாரமா நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்டேன். சோடா குடிச்சாரு. நின்னுடுச்சு. பாத்தியா, கேஸுதான், நின்னுடுச்சு பாருன்னு என்னையே கிண்டல் பண்ணாரு. நானும் நின்னுடுச்சேன்னு வுட்டுட்டேண்ணா."

ஜாக்கியை இறக்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்டவில்லை. நீங்கள் பலரும் அவளைத் தளத்தின் ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். ஏன் ஓட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அப்புறம் டிஃபைக் கழற்றினோம். தட்டுகள் கண்ணாடி போல வழவழத்துப் போயிருந்தன. புதுத் தட்டு வந்ததும் அவள் ஓட்டுவாள். நானே பக்கத்து சீட்டில் உட்காருவேன், பயந்துகொண்டுதான்.

பாஸ்கரனிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், நிம்மதி இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஒரு மெஷின் அலறி அலறித் தானாக ஓய்ந்தால் எல்லோரும் அப்பாடா என்கிறார்கள்; நான் அதன் பக்கம் ஓடுகிறேன். சூப்பர்வைசர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

போன வாரம் கஸ்தூரி போன் செய்தாள். வழக்கமான விசாரிப்பு. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, நீங்கள் எப்படி, உடம்புக்கு ஒன்றுமில்லையே?

"எனக்கென்னம்மா, எங்கயும் வலி இல்ல. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

அதற்கு அவள் சொன்னாள்:

"வலிக்குதான்னு கேக்கலண்ணா. வலிச்சு நின்னுச்சான்னு கேக்கறேன்."