“எந்த ஆஸ்பத்திரி, தங்கச்சி?”

“உங்களுக்கு ஏன் அண்ணை அது?” என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டபோது பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிறவருக்கும் அப்போது தெரியாது. கேட்கப்பட்ட மனிதர் டிக்கெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, “முன்னுக்குப் போங்கோ, முன்னுக்கு இடம் கிடக்கு” என்று நின்றவர்களை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அவர் பெயர் பிரகலாதன். குச்சவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கொண்டக்டர். வயிறு தெரியும் எந்தப் பெண் ஏறினாலும் அவள் எங்கே இறங்கப் போகிறாள் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே பெறப் போகிறாள் என்று கேட்டுவிடுவார். “எந்த ஆஸ்பத்திரி, தங்கச்சி?” என்பதுதான் அவருடைய கேள்வி. டவுன் என்று பதில் வந்தால் அத்தோடு விடமாட்டார். “ஆர் கூட நிக்கிறது? வாட்டில தெரிஞ்ச நர்ஸ்மார் ஆரும் இருக்கினமோ?” என்பார். இன்னும் முடிவெடுக்கவில்லை என்று ஒருத்தி சொல்லிவிட்டால் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டும் வரைக்கும் அவள் இருக்கைப் பக்கமே சுற்றிக்கொண்டு நிற்பார்.

சிலருக்கு இது பிடிக்கும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கும்புறுப்பிட்டியில் ஏறும் மீன்காரப் பெண் ஒருவர், “கொண்டக்டரிட்டச் சொல்லாமல் இந்த ரோட்டில ஒரு பிள்ளையும் பிறக்கேலாது போல கிடக்கு” என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். சாரதி ஹஸ்மி அதைக் கேட்டுக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். “மச்சான், நீ டிக்கெட் போடுறியா, கிளினிக் நடத்துறியா?”

“நீ ரோட்டைப் பார்,” என்றார் பிரகலாதன்.

நெடுத்த ஆள். பஸ்ஸின் கூரை இடிக்காமல் இருக்கக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து, இறங்கிய பிறகும் அப்படியே நடப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தேசிக்காய் இருக்கும். வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறது என்று யாராவது பிள்ளைத்தாச்சி முகம் சுளித்தால் அதை நகத்தால் கீறி மூக்கடியில் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார். மீன் பெட்டி ஏற்றுகிறவர்களோடு அவருக்கு ஓயாத சண்டை. பெட்டி பின்கதவுக்கு அங்கால் ஓர் அங்குலம்கூட வரக்கூடாது. “என்ர மீன் நாறாது தம்பி, இப்ப வலையால எடுத்தது” என்று கெஞ்சினாலும் ஆள் மசியமாட்டார். பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஏறும்போது சாரதிக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கையில் வேறு யாரும் இருந்தால் சொல்லி எழுப்ப மாட்டார். அவர்கள் தலைக்கு மேலே போய்ச் சும்மா நிற்பார். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே எழும்பிவிடுவார்கள்.

இந்தக் கேள்வி அவரிடம் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அவர் மனைவி சோபனா முதல்முறையாக முழுகாமல் இருந்த காலத்தில் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சோபனாவிடமும் கேட்கவில்லை. அதுதான் இப்போது அவரை அரிக்கிறது.

பிரகலாதன் டவுனில் பிறந்து, கலியாணத்தோடு குச்சவெளியில் சோபனாவின் தாய்வீட்டுக்கு வந்து குடியேறியவர். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். முதல் பிள்ளையைத் தாயின் கைக்குள் பெறுவதும் வழக்கம். சோபனாவின் எண்ணமும் அப்படித்தான் இருந்தது. மாதக் கிளினிக்குக்கு வரும் மருத்துவிச்சியை, குடும்பநல மிஸ்ஸை, அவளுக்குத் தெரியும். டவுன் ஆஸ்பத்திரி வாட்டில் ஊர்க்காரப் பெண் ஒருவர் வேலை செய்தார். தாய் பஸ் ஏறி வந்து போகலாம்.

ஆனால் பஸ் முதலாளி ஸெய்னுதீனின் மகள் மலைநாட்டு நகரம் ஒன்றில் ஒரு பெயர்பெற்ற டொக்டரைச் சனல் பண்ணிக் காட்டி, அவர் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை பெற்று வந்திருந்தாள். வெளியில் காசு கட்டி ஒரு டொக்டரைப் பார்த்துவிட்டால் அவர் நம்முடைய டொக்டர், அவருடைய வாட் நம்முடைய வாட் என்று ஒரு நம்பிக்கை எங்களுக்கெல்லாம் உண்டு. முதலாளி நல்ல மனிதர். “தம்பி, முதல் பிள்ளை. நல்ல இடமாப் பாருங்க. நான் டொக்டருக்கிட்டச் செல்றன், வேனையும் தாறன்” என்றார். பிரகலாதனுக்கு அது பெரிய காரியமாகப் பட்டது. தன் பெண்சாதிக்கும் முதலாளி மகளுக்கு வாய்த்த டொக்டர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட இருக்க முன்னமே சொல்லிவிட்டார். கேட்கவில்லை, சொன்னார்.

சோபனா சோற்றைப் போட்டுக்கொண்டே, “அங்க நான் ஆரோட கதைக்கிறது?” என்றாள்.

“கதைக்கிறதுக்கோ போறீர்? பிள்ளை பெறவெல்லோ போறீர்,” என்றார் இவர். சோபனாவின் தாயான மாமியும் சிரித்தாராம். அது ஒரு பகிடியாகவே முடிந்துபோனது.

முதலாளியின் மகள் மலைநாட்டில் படித்தவள், சிங்களம் தண்ணியாய்க் கதைப்பாள் என்பது அப்போது யாருக்கும் ஒரு விஷயமாகப் படவில்லை.

வேனில் போகும்போது பிரகலாதன் மனைவிக்குச் சிங்களம் சொல்லிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது ரோட்டுச் சிங்களம். ஏறு, இறங்கு, மிச்சக் காசு, தள்ளி நில். அதிலிருந்து பொறுக்கி எடுத்துச் சொன்னார். “நோகுது எண்டால் ‘ரிதெனவா’. தண்ணி எண்டால் ‘வத்துர’. அவ்வளவும் காணும். மிச்சத்தை டொக்டர் பாப்பார்.” அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். தம்புள்ளையில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது அவள் கடைக்காரனிடம் “வத்துர” என்று கேட்டு வாங்கிக் குடித்ததை இப்போதும் சொல்வார். சொல்லும்போது சிரிப்பு வரும். வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே பார்ப்பார்.

தூரத்து ஆள் என்பதால் குறித்த நாளுக்கு முன்னமே வாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். கூட நிற்க யாரையும் விடுவதில்லை; பார்வை நேரத்துக்கு மட்டும் போகலாம். முதலாளிக்குத் தெரிந்த வீடு ஒன்றில் மாமி தங்கினார். பிரகலாதன் திரும்பி வந்துவிட்டார். பள்ளிக்கூட விடுமுறை, நிலாவெளிக் கடலுக்குச் சனம் அள்ளுப்பட்டு வரும் காலம். பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு லீவு கேட்கலாம் என்று நினைத்தார்.

வாட்டில் யாரும் சோபனாவை வெறுப்பாக நடத்தவில்லை. இதை அவர் அழுத்திச் சொல்வார். தாதி ஒருத்தி வரும்போதெல்லாம் தலையைத் தடவி, “ரிதெனவாத?” என்று கேட்பாள். நோகிறதா என்று கேட்கிறாள் என்பது சோபனாவுக்கு விளங்கும். நோகவில்லை. உண்மையைத்தான் சொன்னாள், இல்லை என்று தலையாட்டினாள். தாதி சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள்.

பிள்ளை ஆடாமல் கிடந்த அன்றும் தாதி அதைத்தான் கேட்டாள். சோபனா அதற்கும் இல்லை என்றே தலையாட்டினாள். பிறகு போனை எடுத்துப் புருஷனுக்கு அடித்தாள்.

பஸ் அப்போது சாம்பல்தீவில் நின்றது. பாட்டுச் சத்தம், படியில் தொங்குகிற பெடியங்கள், மிச்சம் கேட்கிற கிழவர். “காலமை ஆடினது. இப்ப ஆடேல்லப் போல கிடக்கு” என்று அவள் சொன்னது அவருக்கு நன்றாகவே கேட்டது. கேட்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

“நர்ஸிட்டச் சொல்லுமன்.”

“என்னெண்டு சொல்லுறது?”

“பொறும், டவுனுக்குப் போனோடன எடுக்கிறன்,” என்றார்.

டவுனில் பஸ் நின்றதும் அடுத்த நடைக்குச் சனம் ஏறிவிட்டது. ஏறியவர்களுக்கு டிக்கெட் போட்டார். அவள் அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவர் எடுத்துச் சொல்லித் தருவார், அதை அப்படியே தாதியிடம் சொல்லலாம் என்று இருந்தாள். பின்னேரம் பார்வை நேரத்துக்கு மாமி வந்தபோதுதான் தாய்க்குச் சொன்னாள். மாமிக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர் நேரே தாதியிடம் போய், தன் வயிற்றில் கையை வைத்து, கையை ஆட்டாமல் காட்டினார். அவ்வளவுதான். தாதி ஓடினாள்.

அது பெண்பிள்ளை. உயிரோடு பிறக்கவில்லை.

முன்னமே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று பிரகலாதன் பிறகு அந்த டொக்டரிடம் கேட்டார். சொல்ல ஏலாது, சில வேளை ஆம், சில வேளை இல்லை என்றாராம் அவர். அந்த நகரத்தின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதக்கூடாது என்று பிரகலாதன் கேட்டுக்கொண்டார். “அவையளில பிழையில்லை. அந்த ஊரில அவளுக்குக் கதைக்கிறதுக்கு இருந்த ஒரேயொரு ஆள் நான். நான் பஸ்ஸில நிண்டனான்.”

இப்போது சோபனா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். வயிறு நன்றாகத் தெரிகிற மாதம். வீட்டில் ஆளுக்கொரு கதை. மட்டக்களப்பில் இருக்கும் சோபனாவின் தமக்கை தன்னிடம் வரச் சொல்கிறாள். பக்கத்து வீட்டார் டவுனில் தனியார் இடம் ஒன்றைச் சொல்கிறார்கள். முதலாளி மனம் தாங்காமல் தானே வீடு தேடி வந்து, “இந்த முறை கூட நிக்க நல்ல சிங்களம் தெரிஞ்ச ஆள் ஒண்டை அனுப்புறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். ரோட்டில் காணும் பெண்களையெல்லாம் கேட்கிற பிரகலாதன் வீட்டில் மட்டும் வாய் திறப்பதில்லை. தான் எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் அந்த இடத்தில் ஏதாவது நடந்துவிடும் என்று பயம். சாப்பிடுவார், கை கழுவுவார், முற்றத்தில் போய் நிற்பார்.

மாமிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. “உங்களுக்கு அக்கறையில்லையோ தம்பி? இது உங்கட பிள்ளையெல்லோ,” என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அறைக்குள் இருந்து சோபனாதான் பேசினாள். “அப்ப நீங்களே எல்லாத்தையும் சொன்னனீங்கள். இப்ப ஒண்டும் சொல்லுறியளில்லை. ரெண்டுக்கும் நான் தனியத்தானே இருக்கிறன்.”

அந்தக் கதை அவரைச் சுட்டது. அடுத்த கிளினிக் நாளில் ஹஸ்மியிடம் சொல்லித் தன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, அதே பஸ்ஸில் பயணிபோல அவள் பக்கத்தில் போய் இருந்துகொண்டார். வேறொரு கொண்டக்டரிடம் டிக்கெட் வாங்குவது அவருக்குக் கூச்சமாக இருந்ததாக ஹஸ்மி சொல்லிச் சிரிக்கிறார்.

கிளினிக்கில் குடும்பநல மிஸ் மேசைக்கு அந்தப் பக்கம், இவர்கள் இருவரும் இந்தப் பக்கம். எடை, பிரஷர், பிள்ளையின் துடிப்பு எல்லாம் பார்த்து முடிய, மிஸ் தலையை நிமிர்த்திப் பிரகலாதனைப் பார்த்து, “அப்ப எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டு முடிவெடுத்திட்டியளோ?” என்றார். புருஷன்மார் வந்தால் அவர்களைத்தான் எல்லாரும் கேட்பார்கள்.

சோபனா தானே தொடங்கினாள். “டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் மிஸ். நோகுது, நோகேல்ல, ஆடுது, ஆடேல்ல எண்டு நான் என்ர வாயால சொல்ல வேணும். அம்மா வந்து போவா. இவர்...” என்று சொல்லி நிறுத்தினாள்.

மிஸ்ஸின் கண் இன்னும் பிரகலாதன் மேலேதான் இருந்தது. “அண்ணை என்ன சொல்லுறீங்கள்? உங்களுக்கும் சம்மதம்தானே?”

பிரகலாதன் எழும்பினார். மேசையைப் பார்த்தபடி கிடந்த தன் கதிரையைத் தூக்கி, சோபனாவின் முகத்துக்கு நேரே திருப்பிப் போட்டு, அவள் சொல்ல வந்த மிச்சத்தைக் கேட்பதற்காக இருந்தார்.

தன் பெயரை மறைக்க வேண்டாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இதை வாசித்தவர்கள், முழுகாமல் இருக்கும் பெண் உள்ள ஏதாவது ஒரு வீட்டில், அவள் புருஷன் காதிலும் விழும்படி, பிரகலாதனின் கதை என்றே இதைச் சொல்லிவிடுங்கள்.