உள்ளே இறங்கிய ஈரம்

அறுகம்குடாக் கடற்கரை வீட்டில் மகளின் அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கியபோதே கனம் தெரிந்தது. வெடித்த இடங்களில் நான் போட்ட ஒட்டுகள் அப்படியே இருந்தன. ஆனால் மிதிக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியதும் மெத்தென்று அமுங்கி, விரிசலில் பழைய தண்ணீர் கசிந்தது. அந்தப் புளித்த நாற்றம் என்னை நான் வளர்ந்த டிக்கோயா தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

கொழுந்து பறிக்கும்போது நனையாமலிருக்க அம்மா இடுப்பில் கட்டும் தார்ப்பாய்ப் படங்கும் இப்படித்தான் நாறும். தேயிலைச் செடி உரசி உரசி வயிற்றுப் பக்கம் தேய்ந்துவிடும். சைக்கிள் டியூப் துண்டை ஒட்டிக்கொள்வாள். அப்போது தங்கச்சி அவள் வயிற்றில் இருந்தாள்.

"புதுசு வாங்குவோம் புள்ள" என்பார் அப்பா.

"நல்லாத்தானே இருக்கு, தண்ணி உள்ள வரலிங்க."

ஒரு மழை நாள் சாயங்காலம் அவள் படங்கை அவிழ்த்ததும் அப்பா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். சேலை தொப்பலாக நனைந்து, வயிறு சில்லிட்டிருந்தது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துப் படங்கை இரண்டாகக் கிழித்தார். முழுசாக விட்டுவைத்தால் மறுபடி ஒட்டிக் கட்டிக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"ஐயோ, நாளைக்கு எதக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறது?"

அப்பா மழைக்குப் போர்த்தும் தன் கம்பளியை எடுத்து அவள் இடுப்பில் சுற்றிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு தடவ ஒட்டித் தாங்கப்பா" என்றாள் அருகில் நின்ற என் மகள். நீர் இறங்கிய பலகை பெரிய அலையில் முறிந்துவிடும் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ரம்பத்தை எடுத்து அதை நடுவே அறுத்தேன்.

"அப்பா! நாளைக்கு நான் எதுல போறது?"

சுவரில் மாட்டியிருந்த என் பலகையை இறக்கினேன்.