கதிர்காமம் நடந்த அக்கா

எழுபதுகளின் கடைசியில் நான் கல்முனையில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதுவாக வேலை பார்த்தேன். கதிர்காமக் கந்தனின் திருவிழாவுக்கு நடந்து போகும் அடியார்கள் வருடந்தோறும் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். முருகனின் வேலைத் தாங்கியபடி ஒருவர் முன்னே வர, பின்னால் "அரோகரா" கேட்கும். எங்கள் முஸ்லிம் தெருவிலும் வாசல் படலையடியில் தண்ணீர்க் குடம் வைப்போம்.

ஒரு வருடம் அந்தக் கூட்டத்திலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தியைக் கிளினிக்குக்குத் தாங்கி வந்தார்கள். குதிகாலில் முள் ஏறிச் சீழ் பிடித்திருந்தது. முள்ளை எடுத்து மருந்து கட்டி, "அக்கா, நாலு நாளைக்கு நடக்கவே கூடாது" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்தார்; சிரிப்பும் வந்துவிட்டது.

"மனிசன் கள்ளுக் குடிக்கிறத விட்டா நடந்து வாறன் எண்டு முருகனுக்கு நேந்தன் தங்கச்சி. அவர் விட்டுட்டார். இப்ப நான்தான் சொல்லுத் தவறப் போறன்."

அவருடைய கூட்டம் காத்திருக்கவில்லை. பின்னால் இன்னொரு கூட்டம் வருமென்றார்கள். தினமும் மருந்து கட்ட வேண்டியிருந்ததால் அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்துப் போனேன்.

உம்மாதான் பதறிப்போனார். "விரதக்காரிக்கு மச்சம் பட்ட சட்டியில ஆக்கிக் குடுக்க ஏலுமா புள்ள?" என்று சந்தைக்கு ஓடிப் புதுச்சட்டி வாங்கி வந்தார். நாலு நாளும் வீட்டில் மீன் இல்லை. பூசணிக்காய்க் கறியைப் பார்த்த வாப்பா, "நானும் கதிர்காமம் போறவன் மாதிரித்தான் இரிக்கன்" என்றார்.

ஐந்தாம் நாள் அடுத்த கூட்டம் வந்தது. புறப்படும்போது உம்மா அவரைக் குசினி அடுப்படிக்கு இழுத்துப்போய் என்னவோ ரகசியம் கதைத்தார்.

மூன்று வாரம் கழித்து அக்கா கணவரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"நடந்தே போய்ட்டன் தங்கச்சி! காட்டுக்குள்ள யானையக் கண்டு எல்லாரும் ஓடினம். இந்தக் காலோட நான்தான் முன்னுக்கு!"

பிறகு உம்மாவிடம் திரும்பினார். "நீங்க சொன்னத மறக்கல்ல. முருகன் கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல்ல ஒரு பக்கீர் பாவா இருந்தார். இந்த மகளுக்கு நல்ல மாப்பிள கிடைக்க துஆக் கேக்கச் சொல்லிட்டு வந்தன்."

"உம்மா!" என்று கத்திவிட்டு அறைக்குள் ஓடினேன். கள்ளை விட்ட அந்த மனிதரின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

மாப்பிள்ளை அமைய இன்னும் இரண்டு வருடமானது. கலியாணத்துக்கு அக்கா முதல் நாளே வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களின் நடுவில் உட்கார்ந்து, "இது நான் நடந்து போய்க் கேட்ட மாப்பிள" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.